சும்மாட்டோடு குதிர்ப்பாறை ஏறியவள்

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். அதிலும் பாதி நாள் கழுவெளிச் சதுப்பில் நண்டு பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் மரக்காணத்தில் எந்த உப்பு வியாபாரியிடம் வேண்டுமானாலும் வெங்கடாசலம் யார் என்று கேட்டுப் பாருங்கள். கூடை சுமக்க வந்த இடத்திலேயே உப்பளம் வாங்கினவன் நான். யாருடைய சிபாரிசும் இல்லை, மாமன் மச்சான் தயவும் இல்லை. என் அளத்து உப்பு செங்கல்பட்டு வரைக்கும் பேர் சொல்லிப் போகும்.

என் பெருமையைப் பேச நானே போதும். இங்கே எழுதப்போவது என் அளத்தில் உப்பு சுமந்த தையல்நாயகியைப் பற்றி. ஏன் அவளைப் பற்றி என்றால், வெங்கடாசலம் பேச்சு வராமல் வாயைத் திறந்தபடி நின்றது வாழ்க்கையில் ஒரே ஒரு தரம்தான். அது அவளைப் பார்த்து.

அவளுக்குப் பிறந்த ஊர் இரும்பை பக்கம். அப்பா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுப் பிழைத்தவர். கூனிமேட்டில் வாழ்க்கைப்பட்ட பிறகு என் அளத்துக்கு வேலைக்கு வந்தாள். விடியும் முன்னே என் 407 மினி லாரி கூனிமேட்டுக்குப் போய்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு வரும். மற்றவர்கள் வண்டியில் தூங்கி வழிவார்கள். இவள் பின்னால் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வருவாள்.

உப்புச் சுமப்பதைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கூடை தலையில் ஏறிவிட்டால் குனியவே கூடாது. குனிந்தால் கூடை கவிழும். பாத்திக்கும் பாத்திக்கும் நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு வரப்பு, அதுவும் வழவழவென்று இருக்கும். கண் நேரே உப்பு அம்பாரத்தைப் பார்த்திருக்க, கால் தானாகத் தடவி இடம் கண்டுபிடித்து நடக்கவேண்டும். புதிதாக வருகிறவர்கள் காலைப் பார்ப்பார்கள், கூடையைக் கவிழ்ப்பார்கள், என்னிடம் வசவு வாங்குவார்கள். தையல்நாயகி வந்த முதல் வாரமே நிமிர்ந்துவிட்டாள். அவள் கழுத்து ஆடி நான் பார்த்ததில்லை. நானும் கூடை சுமந்தவன்தான். நடையைப் பார்த்தால் எனக்குத் தெரியும்.

அவள் புருஷன் புருஷோத்தமன் தச்சு வேலைக்காரன். இடையஞ்சாவடியில் ஒரு மரப்பட்டறையில் வேலை. அந்தப் பக்கம் குடியிருந்த ஒரு வெள்ளைக்காரர், வீட்டுச் சுவரில் ஏறிப் பழகுவதற்காக மரத்தில் பிடிகள் செய்து தரச் சொல்லியிருக்கிறார். செய்தவன் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். பிடி தாங்குமா என்று தொங்கிப் பார்த்தான். தொங்கினவன் இறங்கவே இல்லை. வெள்ளைக்காரர் தன் ஊருக்கே திரும்பும்போது, மடக்கி எடுத்துப் போகிற கனமான மெத்தை ஒன்றையும், ரப்பர் அடி வைத்த இறுக்கமான செருப்பு ஒரு ஜோடியையும், கை வியர்க்காமல் இருக்கத் தடவும் வெள்ளைப் பொடியையும் இவனிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

2004-ஆம் வருடம் வெயில் தொடங்கும் நேரம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மரக்காணம் கூட்டுரோடு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். டிவிஎஸ் 50 வண்டியில் முன்னால் புருஷோத்தமன், பின்னால் தையல்நாயகி, அவள் முதுகில் கயிற்றால் கட்டிய மெத்தை. டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

"ஏம்பா புருஷோத்தமா, பொண்டாட்டியையும் மெத்தையையும் கட்டிக்கினு காலங்காத்தால எங்க கெளம்பிட்ட?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

"பெருமுக்கல் பக்கம் போறோம் மொதலாளி. பாறை ஏற."

"மலைக் கோயிலுக்கா?"

"மலை இல்லீங்க. மலைக்குக் கீழ உருண்டு கெடக்குற கல்லு. அதுல ஏறுறது. கயிறு கெடையாது. உழுந்தா மெத்தை."

"கல்லு மேல என்ன இருக்குது?"

தையல்நாயகி சொன்னாள்: "ஒண்ணும் இல்லீங்க."

"அப்புறம் எதுக்கும்மா ஏறுற?"

"ஒண்ணும் இல்லைன்னு ஏறுனாத்தான தெரியுது."

டீக்கடைக்காரன் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. எனக்கு இப்படிப் பதில் சொல்கிறவர்களைப் பிடிக்கும். நானே அப்படிச் சொல்லித்தான் முன்னுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் போனார்கள். திங்கட்கிழமை காலையில் அவள் கை விரல் நுனியெல்லாம் சிவந்திருக்கும். உப்புத் தண்ணீர் பட்டால் எரியும், ஆனால் வாயே திறக்கமாட்டாள். அந்தோணியம்மாள் என்று ஒருத்தி, என் அளத்தில் மூத்த சுமைகாரி, வாய் மட்டும் தனி அளம் மாதிரி. அவள் விடுவாளா?

"என்னாடி, நேத்து கல்லு என்ன சொல்லுச்சு? சோறு போட்டுச்சா?"

"போட்டுச்சு யக்கா. தோலு மட்டும் எடுத்துக்கிச்சு."

"அந்த வெள்ளைப் பொடி என்ன, உப்பா? உப்பைத் தொட்டுக்கினு கல்லைத் திங்கறீங்களா புருஷனும் பொண்டாட்டியும்?"

அவர்கள் போன இடத்தில் சின்னதும் பெரியதுமாகப் பாறைகள் நிறைய. ஒன்றன் பின் ஒன்றாக இருவரும் ஏறி வந்தார்கள். ஒன்றே ஒன்று மட்டும் இருவருக்குமே மசியவில்லை. அதற்குக் குதிர் என்று பெயர் வைத்திருந்தார்கள். நெல் கொட்டி வைக்கிற குதிர் மாதிரியே இருக்கும். அடி குறுகி, நடுவில் வயிறு பெருத்து, மேலே வட்டமாக முடியும். மூன்று ஆள் உயரம்.

ஒரு ஞாயிறு நானே போய்ப் பார்த்தேன். அந்தக் கல்லை எனக்கு விளக்கியவள் தையல்நாயகிதான். கீழ்ப்பாதி சுலபம். வயிறு பிதுங்குகிற இடத்தில் இரண்டு கைக்கும் மேலே ஒரு மெல்லிய விளிம்பு, அதை விரல் நுனியால் பிடிக்கவேண்டும். அப்போது வலது காலை வயிற்றுக்கு அடியில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு சின்னத் திட்டில் வைக்கவேண்டும், ரூபாய்க் காசு அகலம். அதில் ஊன்றி எழுந்தால்தான் உச்சி விளிம்பு கைக்கு எட்டும். சங்கடம் என்னவென்றால், அந்தத் திட்டை வயிறு மறைக்கிறது. அதைப் பார்க்கவேண்டுமானால் உடம்பைப் பாறையிலிருந்து விலக்கவேண்டும். விலக்கினால் விரல் கழன்றுவிடும். புருஷோத்தமன் அங்கேதான் விழுவான். இவளும் அங்கேதான் விழுவாள்.

குதிருக்குப் பின்பக்கம் இன்னொரு கல் சாய்ந்து கிடந்தது. அதன் மேல் நாலு ஆடு நிதானமாக நடந்து குதிர் உச்சிக்குப் போய் நின்று எங்களைப் பார்த்தன.

"அந்தப் பக்கம் போயேம்மா. வழிதான் இருக்குதே."

"அது ஆட்டுக்கு வழிங்க மொதலாளி."

சரி என்று விட்டுவிட்டேன்.

அந்த வருடம் மார்கழியில் ஒரு ஞாயிறு கடல் உள்ளே வந்தது. அன்றைக்கு அவர்கள் இருவரும் பாறைப் பக்கம் இருந்தார்கள், தப்பித்தார்கள். என் அளம் தப்பவில்லை. வரப்பெல்லாம் கரைந்து, பாத்தி முழுக்க இடுப்பளவு சேறு. பக்கத்து அளக்காரர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். நான் மூன்றாம் நாளே மண்வெட்டியோடு இறங்கினேன். என் பின்னால் முதலில் இறங்கியவள் தையல்நாயகி. மாதக்கணக்கில் உப்புக்குப் பதில் சேறு சுமந்தாள். "இதுவும் பயிற்சிதாங்க" என்றாள். அதற்கப்புறம் வந்த பருவத்தில் இந்தக் கரையில் முதல் உப்பு வாரியது என் அளத்தில்தான். வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி என்று அவள் சொன்னது சும்மா இல்லை. உப்பு மூட்டை அடுக்குகிற என் கொட்டகையில், வேலை முடிந்த பிறகு தொங்கிப் பழகுவதற்கு இடம் கேட்டார்கள். கொடுத்தேன். புருஷோத்தமன் உத்திரத்தில் பலகை கட்டி, அதில் விரல் மட்டும் நுழைகிற மாதிரி சட்டம் வைத்தான். முதலில் இரும்பு ஆணி அடித்தான். உப்புக் கொட்டகையில் இரும்பு எத்தனை நாள் நிற்கும்? ஒரு சாயங்காலம் பலகையோடு சேர்ந்து மூட்டை மேல் வந்து விழுந்தான். பிறகு மரத்திலேயே முளை சீவி அடித்தான். அது நின்றது. சாயங்காலம் கொட்டகைப் பக்கம் போனால் இரண்டு பேரும் வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டிருப்பார்கள். ராத்திரி விரலில் தேங்காயெண்ணெய் தடவி வெடிப்பை ஆற்றுவாள். ஞாயிறு காலை சீயக்காய் போட்டு எண்ணெயைப் போக்கிவிட்டுத்தான் கிளம்புவாள். எண்ணெய்க் கை பாறையில் நிற்காதாம்.

அவளிடம் ஒரு குறை இருந்தது. பாறையிலும் காலைப் பார்க்கமாட்டாள். அளத்துப் பழக்கம். செருப்பு வேண்டாம் என்று வெறுங்காலோடு ஏறுவாள், கண் மேலேயே இருக்கும், கால் தானாகத் தடவும். சின்னக் கல்லில் கூட இதனால் வழுக்கி விழுந்தாள். புருஷோத்தமனுக்கு இது பொறுக்காது.

"காலைப் பாரு! காலைப் பாத்து வை தையலு! கால் வச்ச எடம் தெரியாம கையை எடுக்காத!"

ஒரு வருடம் இதே பாட்டுதான். அவளும் விடாமல் பழகினாள். காலைப் பார்த்து வைக்கப் பழகியதும் மற்றக் கல்லெல்லாம் அவளுக்குச் சாதாரணமாகிவிட்டது. புருஷனால் ஏற முடியாத இரண்டு கல்லில் அவள் ஏறிவிட்டாள் என்று அவனே டீக்கடையில் பெருமையாகச் சொன்னான். குதிர் மட்டும் அப்படியே இருந்தது.

2006 மாசியில் ஒரு திங்கட்கிழமை. எப்போதும் வண்டியில் நின்று வருகிறவள் உட்கார்ந்து வந்தாள். என்ன என்று கேட்டேன்.

"குதிரை ஒடைக்கப் போறாங்க மொதலாளி."

அந்த நிலம் சேட்டு என்பவருடையது. ஜல்லிக்குக் கல் உடைக்கிற ஆட்களுக்கு விட்டுவிட்டார். சித்திரை பிறந்ததும் குதிரில் துளை போட்டு வெடி வைப்பார்களாம். அவள் விடவில்லை. அடுத்த ஞாயிறு புருஷனையும் இழுத்துக்கொண்டு சேட்டு வீட்டுக்கே போய்விட்டாள். அங்கே நடந்ததைப் புருஷோத்தமன் என்னிடம் சொன்னான்.

சேட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாராம்.

"ஏம்மா, ஒடைச்சா ஜல்லியாவும், ரோடாவும். வீட்டுக்குத் தளம் போடலாம். நீ ஏறினா அதுல யாருக்கு என்ன?"

"எனக்கு."

"பின்னால போனா ஆடே ஏறுது அது மேல."

"ஆடு முன்னால ஏறிக் காட்டட்டும், நான் வுட்டுடறேன்."

சேட்டு சிரித்துவிட்டாராம். ஆனால் சிரித்துக்கொண்டே கையை விரித்துவிட்டார். பேச்சு முடிந்துவிட்டது, மாற்ற முடியாது. பங்குனி முடிகிற வரைக்கும் வந்து ஏறிக்கொள், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வராதே, வெடி வைக்கிற இடம். அவ்வளவுதான்.

"பங்குனி முடியற வரைக்குமா? சரி" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து வந்துவிட்டாள்.  வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் சொன்னாளாம்: "அது மேல நான் நிக்காம அது ஒடையக் கூடாதுய்யா."

பங்குனி வெயில் உங்களுக்குத் தெரியும். ஏழு மணிக்கு மேல் பாறை தோசைக்கல். விடியலில் போய்ச் சேர்ந்து, சூடு ஏறும் முன்னே நாலைந்து தரம் முயற்சி செய்யலாம். முதல் ஞாயிறு விழுந்தாள். அடுத்த ஞாயிறும் விழுந்தாள். ஒவ்வொரு தரமும் அதே இடம். திட்டைப் பார்க்க உடம்பை விலக்குவாள், விரல் கழலும், மெத்தை. மூன்றாம் ஞாயிறு மெத்தையின் ஓரத்தில் விழுந்து கணுக்கால் வீங்கியது. கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்கு வந்தாள்.

"வீட்டுல கெட" என்றேன்.

"வீட்டுல கெடந்தா காலு மறந்துடுங்க" என்றாள்.

அந்த வாரம்தான் அது நடந்தது. செங்கல்பட்டு லாரி வந்து நின்றது. அம்பாரத்துக்கு உப்பு சுமக்கிற பெண்கள் வரிசையாக வரப்பில் வருகிறார்கள். நான் அம்பாரத்தின் பக்கத்தில் நிற்கிறேன். தையல்நாயகி நடுவில் வருகிறாள். வரப்பு மூலையில் திரும்புகிற இடத்தில் அவள் தலை சட்டென்று குனிந்தது. குனிந்து காலைப் பார்த்தாள். கூடை முன்னால் சரிந்து, முழு உப்பும் சளசளவென்று வாய்க்காலில் போனது. லாரிக்காரன் கைதட்டினான்.

எனக்கு வந்ததே கோபம். "ஏம்மா தையலு! கண்ணை எங்க வச்சிருக்க?"

அந்தோணியம்மாளுக்கு இது பண்டிகை. "ஏன்டி, தரையில காசு கெடக்குதா? குனிஞ்சு குனிஞ்சு பாக்குற! இத்தினி வருசம் வரப்புல ஓடினவ, இப்பப் புதுப்பொண்ணாட்டம் காலைப் பாத்து நடக்குறா. எல்லாம் அந்தக் கல்லு குடுத்த வரம்!"

வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள், அல்லது திருப்பிக் கொடுத்திருப்பார்கள். இவள் வாய்க்காலில் காலி கூடையோடு நின்றுகொண்டே, "யக்கா, இப்ப என்ன சொன்ன?" என்றாள்.

"என்னாடி சொன்னேன்? காலைப் பாத்து நடக்குறன்னு சொன்னேன்."

"ஆமால்ல" என்றாள்.

மறுபடி கூடையை நிரப்பித் தூக்கிக்கொண்டு வந்தாள். அதே மூலையில் நின்றாள். கண் நேரே என்னைப் பார்த்திருக்கிறது, என்னைப் பார்க்கவும் இல்லை. வலது கால் மட்டும் தனியாக முன்னே போய் வரப்பு ஓரத்தைத் தடவியது, விலகியது, மறுபடி தடவியது, ஊன்றியது. பின்னால் வந்த பெண்கள் திட்டினார்கள். நானும் திட்டினேன். அவள் காதில் எதுவும் ஏறவில்லை.

சாயங்காலம் கொட்டகையைப் பூட்டப் போனேன். உள்ளே சண்டை.

"நீ பாரு பாருன்னு சொல்லிச் சொல்லி என் காலைக் குருடாக்கிட்டய்யா."

"பாக்காம வச்சப்ப நீ வழுக்கலியா? நானா இட்டுக்கட்டிச் சொல்றேன்?"

"மத்தக் கல்லுக்குக் கண்ணு வேணும், ஒத்துக்கறேன். குதிருல கண்ணுதான் நம்மளைக் கெடுக்குது. அந்தத் திட்டு கண்ணுக்குத் தெரியாத எடத்துல இருக்குது. தெரியாத எடத்துக்கு எதுக்குக் கண்ணைக் கூப்புடற?"

"கண்ணு இல்லாம காலு எப்படித் தேடும்?"

"வரப்புல எப்படித் தேடுதோ, அப்படி."

 அவன் உளியை எடுத்தான். ஒரு பலகையை வயிறு மாதிரி வளைவாகக் கட்டி, அதற்கு அடியில் ரூபாய் அகலத்துக்கு ஒரு மரக்குமிழ் வைத்தான். தச்சன் என்றால் அவன் தச்சன்.

ஆனால் ஒரு வருடமாகப் பழகிய பழக்கம் ஒரே நாளில் போகுமா? தொங்கினதும் தலை தன்னால் குனிந்தது. அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கூடைக்கு அடியில் வைக்கிற சும்மாட்டை, பழம்புடவையைச் சுருட்டி வளையமாகச் செய்ததை, தலையில் வைத்துக்கொண்டு தொங்கினாள். குனிந்தால் சும்மாடு விழும், உடம்பை விலக்கினாலும் விழும். முதல் நாள் விழுந்துகொண்டே இருந்தது. அந்தோணியம்மாள் வீட்டுக்குக் கூடப் போகாமல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

"இன்னிக்கும் சும்மாடு தரையிலதான் குடும்பம் நடத்துது."

"எடுத்துக் குடு யக்கா."

"குதிரைக்குக் கொள்ளு காட்டுற மாதிரி எடுத்து எடுத்துக் குடுக்குறேன், உனக்கு வெக்கமா இல்ல?"

"இல்ல. குடு."

வாரக் கடைசியில் சும்மாடு தலையில் நின்றது. அந்தோணியம்மாள் எழுந்து, தன்னுடைய சும்மாட்டைக் கழற்றி அவளிடம் கொடுத்தாள். "உன்னுது பிரி தளர்ந்து போச்சு. இதை வச்சிக்க. இது நவுராது" என்றாள். முகத்தை மட்டும் கடுகடு என்று வைத்துக்கொண்டாள்.

பங்குனியின் கடைசி ஞாயிறு. புருஷோத்தமனின் டிவிஎஸ் அன்றைக்குப் பார்த்து மக்கர் செய்தது. ஞாயிற்றுக்கிழமை நான் யாருக்காகவும் வண்டியை எடுக்கமாட்டேன், மரக்காணத்துக்கே தெரியும். அன்றைக்கு எடுத்தேன். நானே ஓட்டினேன். பின்னால் மெத்தை, புருஷன், பெண்டாட்டி, அந்தோணியம்மாள்.

"உனக்குப் பூசை இல்லியா இன்னிக்கு?" என்று அந்தோணியம்மாளைக் கேட்டேன்.

"சாயங்காலப் பூசைக்குப் போயிக்குவேன். சாமி எங்கயும் போவாது. கல்லு போயிடும்ல."

போய்ச் சேரும்போது கிழக்கு அப்போதுதான் வெளுத்திருந்தது. கல் உடைக்கிறவர்கள் ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தார்கள். குதிருக்குப் பின்னால் சாய்ந்து கிடந்த கல்லைக் காணோம். உடைத்துக் குவித்துவிட்டார்கள். சித்திரை வரைக்கும் காத்திருக்க முடியாது, மறுநாளே குதிருக்குத் துளை போடவேண்டும் என்றார் அவர்களுடைய மேஸ்திரி. பின்பக்கக் கல் போனதைப் பார்த்து, நல்லவேளை குதிர் மிச்சம் இருக்கிறதே என்று பெருமூச்சு விட்டோம். அதற்கு மேல் யாருக்கும் யோசனை ஓடவில்லை. அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெத்தையை விரித்தார்கள். முதலில் அவள் ஏறினாள். வயிறு வரைக்கும் போய், விளிம்பைப் பிடித்து, கால் தேடும்போதே விரல் வழுக்கி விழுந்தாள். கை வியர்வை. பொடி தடவிக்கொண்டாள். அடுத்து புருஷோத்தமன் ஏறினான், காலைப் பார்த்தான், விழுந்தான். அவள் மறுபடி ஏறினாள். இந்தத் தரம் கால் திட்டைத் தொட்டுவிட்டது. தொட்ட சந்தோஷத்தில் ஊன்றுவதற்குள் அவசரப்பட்டு எழுந்தாள், வழுக்கியது. சும்மாடு முதலில் விழுந்தது, பின்னால் அவள்.

கல் உடைக்கிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "தலையில எதுக்கும்மா துணி? கல்லு இடிக்காம இருக்கவா?" என்று ஒருத்தன் கேட்டான். "உன் வாயில வைக்கத்தான் வச்சிருக்கோம்" என்றாள் அந்தோணியம்மாள். 

பாறையின் உச்சியில் வெயில் பட்டது. இன்னும் ஒரு தரம், மிஞ்சினால் இரண்டு. புருஷோத்தமனின் முறை. அவன் பாறையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ரப்பர் செருப்பைக் கழற்றினான்.

"நீயே ஏறு."

"உன் மொற இது."

"எனக்கு அந்தக் கழுத்து இல்ல தையலு. சூடு ஏறுது. பேசிக்கினு நிக்காத."

அவள் ஒரு நிமிடம் அவனைப் பார்த்தாள். சும்மாட்டைத் தலையில் வைத்து அழுத்தினாள். புடவையை வரிந்து கட்டியிருந்தவள் இன்னும் ஒரு முறை இறுக்கிச் செருகிக்கொண்டாள். ஏறினாள்.

கீழ்ப்பாதி கிடுகிடுவென்று போனது. வயிற்றுக்கு வந்தாள். இரண்டு கையும் விளிம்பில். முகம் பாறையோடு ஒட்டியிருக்கிறது. கண் நேரே கல்லைத்தான் பார்க்கிறது, கல்லில் பார்க்க ஒன்றும் இல்லை. வலது கால் கிளம்பியது. அடியில் தடவியது. திட்டுக்கு ஒரு விரல் தள்ளிப் போனது. எனக்கு அது தெரிகிறது, அவளுக்குத் தெரியாது. கீழே நின்ற புருஷோத்தமனுக்கும் தெரிகிறது. அவன் வாய் திறந்தது. ஒரு வருடமாகச் சொன்ன வார்த்தை அவன் தொண்டையில் வந்து நின்றதை நான் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு கையை மட்டும் அவளுக்குக் கீழே விரித்து நின்றான்.

கால் விலகியது. மறுபடி தடவியது. அம்பாரத்துக்குப் போகிற வழியில், அந்த வரப்பு மூலையில் பார்த்த அதே கால். பெருவிரல் திட்டில் ஏறியது. அவசரம் இல்லை. அழுத்திப் பார்த்தது. ஊன்றியது. அவள் உடம்பு நேராக, கூடை சுமக்கிறவள் தரையிலிருந்து எழுகிற மாதிரி எழுந்தது. இடது கை உச்சி விளிம்புக்குப் போனது, பிறகு வலது கை. முழங்கால் ஏறியது. குதிர் மேல் நின்றாள். சும்மாடு தலையிலேயே இருந்தது.

நான் பேச வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அப்படியே நின்றேன். அந்தோணியம்மாள்தான் என் தோளில் தட்டி, "மொதலாளி, வாயில ஈ போயிடப் போவுது" என்றாள்.

மேஸ்திரி விசில் அடித்தார். புருஷோத்தமன் மெத்தை மேல் உட்கார்ந்துவிட்டான், முகத்தைத் துடைத்தான், என்ன துடைத்தான் என்று நான் கேட்கவில்லை. மேலே அவள் நாலு பக்கமும் பார்த்தாள்.

"என்னாடி இருக்குது மேல?" அந்தோணியம்மாள் கத்தினாள்.

"ஆட்டுப் புழுக்கை!"

கல் உடைக்கிறவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"யோவ், எப்படிய்யா எறங்குறது?"

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. ஆட்டு வழியை உடைத்துவிட்டார்கள். இரண்டு வருடமாக ஏறுவதைப் பற்றியே யோசித்தார்களே தவிர, இறங்குவதைப் பற்றி ஒருத்தரும் யோசிக்கவில்லை. பின்பக்கம் கூரான கல் குவியல். முன்பக்கம் அந்த உயரத்திலிருந்து மெத்தையில் குதிப்பதற்கு வீங்கிய கணுக்கால் ஒத்துக்கொள்ளாது. ஊருக்குப் போய் ஏணி எடுத்து வரட்டுமா என்றார் மேஸ்திரி. பாறை சுட ஆரம்பித்துவிட்டது, அவள் வெறுங்காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் தள்ளுங்க" என்றேன். வண்டியில் ஏறினேன். ஜல்லிக் குவியலுக்கும் மெத்தைக்கும் நடுவில், ஆளே ஒருக்களித்துப் போகிற சந்தில், 407-ஐ ஒரே ரிவர்ஸில், பக்கவாட்டில் குதிர் வயிற்றோடு ஒட்டி நிறுத்தினேன். ஒரே ரிவர்ஸ். மேஸ்திரியைக் கேட்டுப் பாருங்கள். அவள் விளிம்பைப் பிடித்துத் தொங்கினாள். கீழே பார்க்கவில்லை. கால் தடவி டிரைவர் சீட்டுக்கு மேலே இருக்கும் கூரையைத் தேடியது. எட்டவில்லை.

"வுட்டுடு தையலு, வண்டி இருக்குது!" என்றான் புருஷோத்தமன்.

கையை விட்டாள். டமால் என்று என் தலைக்கு மேலேயே வந்து இறங்கினாள். அப்போதுதான் சும்மாடு கழன்று, முன் கண்ணாடியில் சறுக்கி என் கண் முன்னால் வந்து விழுந்தது.

மறுநாள் குதிருக்குத் துளை போட்டார்கள். இப்போது அந்த இடம் ஒரு பள்ளம், மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிறது. அதே திங்கட்கிழமை அவள் வழக்கம்போல வண்டியில் நின்றுகொண்டே வேலைக்கு வந்தாள். அந்தோணியம்மாளிடம் சும்மாட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் அதை விரித்துப் பார்த்து, "சீ, ஆட்டு வாடை" என்று சொல்லிவிட்டுத் தலையில் வைத்துக்கொண்டாள். மத்தியானம் கஞ்சி குடிக்கும்போது தையல்நாயகி என்னிடம் வந்து, செஞ்சிப் பக்கம் இதைவிடப் பெரிய கல்லெல்லாம் கிடக்கிறதாமே, ஞாயிற்றுக்கிழமை வண்டி சும்மாத்தானே நிற்கிறது என்றாள்.

"ஞாயித்துக்கிழமை நான் யாருக்கும் வண்டி எடுக்க மாட்டேன், தெரியுமில்ல?" என்றேன்.

"தெரியுங்க. எத்தினி மணிக்கு வரட்டும்?"

என் வண்டிக் கூரையில் இரண்டு கால் அகலத்துக்கு ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. மழை பெய்தால் அதில் தண்ணீர் தேங்கும். திண்டிவனத்துப் பட்டறைக்காரன் அதைப் பார்த்துவிட்டு, தட்டி நிமிர்த்தித் தரட்டுமா என்று கேட்டான். கை வைத்தால் தெரியும் சேதி என்றேன்.